கல்லுக்குள் ஒளிந்து வந்த விருந்தாளி

ஃபாரஸ்ட் கேட் வீடொன்றில் கும்பிடுபூச்சி இறால் வளர்ந்த கதை

இரவு இரண்டு மணியிருக்கும். ஃபாரஸ்ட் கேட்டில், ரொம்ஃபோர்ட் வீதிக்குப் பின்னாலுள்ள ஒரு தெருவில், வாடகை வீட்டின் மேல்மாடியில் நாம் உறங்கிக்கொண்டிருந்தோம். "தம்பி, எழும்பு. ஆரோ தட்டுகினம்" என்று அம்மா வந்து எழுப்பினார். அவருடைய கை நடுங்கிக்கொண்டிருந்தது. இரவில் கதவு தட்டப்படும் ஓசைக்கு ஒருகாலம் அஞ்சி வாழ்ந்தவர்கள் நாம். நாடு மாறி வந்து ஆண்டுகள் பல கடந்த பின்னரும் அந்த அச்சம் மட்டும் நெஞ்சின் ஒரு மூலையிலிருந்து போய்விடவில்லை. எழுந்து சென்று கதவைத் திறந்து பார்த்தேன். வெளியே ஒருவரும் இல்லை. திரும்பிப் படிகளில் ஏறும்பொழுது மீண்டும் 'டக்' என்றொரு ஓசை கேட்டது. அது கதவிலிருந்து வரவில்லை. கூடத்தில் வைத்திருந்த கடல்நீர் மீன்தொட்டியிலிருந்து வந்தது.

அந்தத் தொட்டி மகளின் விருப்பத்துக்காக வாங்கப்பட்டது. வீடு மாறிச் சென்ற ஒருவர் குறைந்த விலைக்குத் தந்துவிட்டுப் போனார். அதற்குள் வைப்பதற்காகக் கடையொன்றில் கடற்கல் வாங்கினோம். பவளப்பாறைகளிலிருந்து உடைந்து விழுந்து, சிற்றுயிர்களும் பாசிகளும் ஒட்டி வாழும் கற்களையே இத்துறையினர் 'உயிருள்ள கல்' என்பர். கல்லை வைத்த சில நாட்களின் பின்னர் நத்தைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. மணலில் உடைந்த ஓடுகள் மட்டும் கிடந்தன. பின்னர் ஒரு மீனின் வால் துண்டாகிப் போயிற்று. இரவில் மின்சூள் ஒளியில் பார்த்தபொழுது, கல்லின் துளையொன்றிலிருந்து காம்புகளின் மேல் நின்ற இரண்டு கண்கள் எம்மை உற்று நோக்கின. ஒரு கண் என்னைப் பார்த்தது. மறுகண் அம்மாவைப் பார்த்தது.

இறால் அல்லாத இறால்

எமது பகுதியில் வசிக்கும், குருநகரில் முன்னர் கடற்றொழில் செய்த பெரியவர் ஒருவரை அழைத்துக் காட்டினோம். பார்த்ததும் சிரித்தார். "உது கையை வெட்டிப்போடும், தம்பி. வலையில வந்தா நாங்கள் தொடமாட்டம்" என்றார். கடலை விட்டுப் பிரிந்து எத்தனையோ ஆண்டுகள் கழிந்த பின்னர், கடலிலிருந்து வந்த ஓர் அறிமுகமான முகத்தை ஃபாரஸ்ட் கேட்டில் கண்ட மகிழ்ச்சி அவருடைய கண்களில் தெரிந்தது.

ஆங்கிலேயர் இதனை 'மான்டிஸ் ஷ்ரிம்ப்' என்பர். கும்பிடுபூச்சியைப் போல முன்கால்களை மடித்து வைத்திருப்பதால் வந்த பெயர் அது. நாமும் கும்பிடுபூச்சி இறால் என்றே இங்கு அழைப்போம். எனினும் இது உண்மையில் இறால் அன்று. இறால், நண்டு, சிங்க இறால் ஆகியவை பத்துக்கால் உயிரினங்கள் என்ற வரிசையைச் சேர்ந்தவை. கும்பிடுபூச்சி இறாலோ பல கோடி ஆண்டுகளுக்கு முன்னரே பிரிந்துபோன வேறொரு வரிசை. உலகக் கடல்களில் 450க்கும் மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் மிகவும் புகழ்பெற்றதும், பச்சை, நீலம், செம்மஞ்சள் எனப் பல வண்ணங்கள் கொண்டதுமான மயில்நிற இனத்துக்கு 1758 ஆம் ஆண்டிலேயே லின்னேயஸ் பெயரிட்டார்.

எமது கடலுக்கும் இவ்வுயிருக்கும் உள்ள உறவு இந்நாட்டு நூல்களிலேயே பதிவாகியிருப்பது குறிப்பிடத்தக்கது. மன்னார்க் குடாவில் முத்துக்குளிப்பு வீழ்ச்சியுற்ற காரணத்தை ஆராய்வதற்காக 1902 ஆம் ஆண்டு பேராசிரியர் ஹேர்ட்மன் இலங்கைக்குச் சென்றார். அவர் சேகரித்து வந்த உயிரினங்களுள் கும்பிடுபூச்சி இறால்களும் இருந்தன. அவை பற்றிய அறிக்கையை டாட்டர்சால் 1906 இல் வெளியிட்டார். அதன் பின்னர், இலண்டனிற் பிறந்து கல்கத்தா அருங்காட்சியகத்திற் பணியாற்றிய ஸ்ரான்லி கெம்ப் என்பவர், இந்து, பசிபிக் பெருங்கடல்களின் கும்பிடுபூச்சி இறால்கள் பற்றிய பெருநூலை 1913 இல் எழுதினார். பாக்கு நீரிணையிலும் மன்னார்க் குடாவிலும் இழுவைமடி வலைகளில் இவற்றின் ஓரினம் பெருமளவில் அகப்படுவதுண்டு. அதனை உண்பார் குறைவு. உலர்த்தித் தீவனத்துக்கு இடுவர். மத்தியதரைக் கடலோரத்து இத்தாலியரோ தமது கடலில் வாழும் இனத்தைச் சுவையான உணவாகக் கொள்கின்றனர். வேல்ஸ் நாட்டுக் கரையோரக் கடலிற்கூட ஒரு சிறிய இனம் வாழ்கிறது.

குத்துபவையும் குத்தித் துளைப்பவையும்

இவ்வுயிர்கள் இருவகைப்படும். ஒருவகையின் முன்கால் முள் நிறைந்த ஈட்டி போன்றது. அவை மணலுக்குள் புதைந்திருந்து, நீந்திச் செல்லும் மீனைக் குத்திப் பிடிப்பவை. மற்றவகையின் முன்கால் முனை, மூடிய கைமுட்டி போலத் திரண்டு தடித்தது. அவை நத்தை, நண்டு ஆகியவற்றின் ஓடுகளை அடித்து உடைத்து உண்பவை. எமது வீட்டுக்கு வந்தது இரண்டாவது வகை. நீளம் 2 அங்குலம் மட்டுமே.

கலிபோர்னியாவில் ஷீலா பாற்றெக் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இந்த அடியின் வேகத்தை அளந்து 2004 ஆம் ஆண்டு வெளியிட்டனர். அதிவேகக் கமராவிற் பார்த்தபொழுது, முட்டி செக்கனுக்கு 23 மீற்றர் வரை வேகம் கொள்வது தெரியவந்தது. அடி முடிவதற்கு ஒரு செக்கனின் ஆயிரத்தில் மூன்று பங்கு நேரமும் ஆவதில்லை. தசையின் வலிமையால் மட்டும் இவ்வேகம் வருவதில்லை. வில்லை வளைத்து நாணை இழுத்துப் பிடிப்பது போல, காலின் அடியிலுள்ள சேணவடிவ ஓட்டுப்பகுதி வளைந்து ஆற்றலைச் சேமிக்கிறது. தாழ்ப்பாள் விலகியதும் அத்தனையும் ஒரே கணத்தில் வெளிப்படுகிறது. அவ்வேகத்தில் நீரிலே குமிழிகள் உண்டாகி உடைகின்றன. அவை உடையும் விசை இரண்டாவது அடியாக இரையின் மீது விழுகிறது.

அவ்வளவு அடித்தும் முட்டி உடையாதிருப்பது எப்படி? 2012 ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று இதற்கு விடை தந்தது. முட்டியின் வெளிப்புறம் எமது பற்களில் உள்ளது போன்ற கடினமான கனிமத்தால் ஆனது. உட்புறத்தில் மென்மையான நார் அடுக்குகள், ஒவ்வொன்றும் சற்றே திரும்பியவாறு, சுருட்படிகள் போல் அடுக்கப்பட்டுள்ளன. வெடிப்பு ஒன்று தோன்றினாலும் அது நேராகச் செல்ல வழியின்றிச் சுற்றிச் சுற்றி வலுவிழந்து போகிறது.

இதன் ஆற்றலுக்கு இந்நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. 1998 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், கிரேட் யார்மத் நகரிலுள்ள கடல்வாழ் உயிரினக் காட்சியகத்தில், 4 அங்குல நீளமுள்ள மயில்நிறக் கும்பிடுபூச்சி இறால் ஒன்று, கால் அங்குலத் தடிப்புள்ள தொட்டிக் கண்ணாடியை அடித்து உடைத்தது. குத்துச்சண்டை வீரரின் நினைவாக அதற்கு 'டைசன்' என்று பெயரிட்டிருந்தனர்.

கண்களும் அவ்வாறே வியப்புக்குரியவை. நிறங்களை அறிவதற்கு மனிதக் கண்ணில் 3 வகை உணர்கலங்கள் உள்ளன. இவற்றின் சில இனங்களில் 12 வகைகள் உள்ளன. ஆயினும் ஒத்த நிறங்களைப் பிரித்தறிவதில் இவை எம்மைவிடத் திறமை குறைந்தவை என்பதை 2014 இல் வெளியான ஆய்வு காட்டியது. நிறங்களை ஒப்பிட்டு ஆராயாமல், பார்த்த கணத்திலேயே இன்னது என்று முடிவு செய்வதற்கு இவ்வமைப்பு உதவக்கூடும் என ஆய்வாளர் கருதுகின்றனர். ஒவ்வொரு கண்ணும் தனித்தே தூரத்தை அளக்க வல்லது.

இலண்டனிற் கடலை வைத்திருந்தவர்கள்

கடலிலிருந்து தொலைவில் கடல் உயிரை வளர்ப்பது புதுமையன்று; அக்கலை வளர்ந்த நகரங்களுள் முதன்மையானது இலண்டனே. 1840களில் அன்னா தின் என்ற பெண்மணி டோர்க்கேயிலிருந்து பவள உயிர்களை இலண்டனுக்குக் கொண்டுவந்து, கடல்நீரை ஒரு பாத்திரத்திலிருந்து மறுபாத்திரத்துக்கு ஊற்றி ஊற்றிக் காற்றூட்டி உயிருடன் வைத்திருந்தார். 1853 இல் ரீஜன்ற்ஸ் பார்க் விலங்கியற் பூங்காவில் உலகின் முதலாவது பொது நீர்வாழ் காட்சியகம் திறக்கப்பட்டது. அதற்கு உயிரினங்கள் சேகரித்துக் கொடுத்த பிலிப் ஹென்றி கொஸ் என்பவரே, உப்புகளைக் கலந்து செயற்கைக் கடல்நீர் ஆக்கும் முறையையும் 1854 இல் எழுதி வெளியிட்டார்.

எமது பிள்ளைகள் விளையாடச் செல்லும் வெஸ்ற் ஹாம் பூங்காவுக்கும் இத்தகைய வரலாறு உண்டு. 1762 இல் மருத்துவர் ஜோன் ஃபொதர்கில் அந்நிலத்தை வாங்கி, வெப்ப நாடுகளின் செடிகளைக் கண்ணாடி வீடுகளில் வளர்த்தார். அவர் சிப்பிகளையும் பவளங்களையும் சேகரித்தவர். தூர தேசத்து உயிர் ஒன்று இந்தக் குளிரில் வாழ வேண்டுமாயின், அதற்குரிய வெப்பத்தையும் நீரையும் யாராவது ஒருவர் நாள்தோறும் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்பதை அன்றே அறிந்திருந்தனர்.

வளர்க்க விரும்புவோர் அறிய வேண்டியவை

எமது விருந்தாளியை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. கல்லை வெளியே எடுத்து வெந்நீரை ஊற்றும்படி ஒருவர் ஆலோசனை கூறினார். மகள் அழுதாள். "அப்பா, அது தானா வரேல்லை. கல்லோட கொண்டுவந்து விட்டிருக்கினம்" என்றாள். அம்மாவும் "வந்தது வந்திட்டுது, இருக்கட்டும்" என்றார். அதன் பின்னர் அதற்கெனத் தனித்தொட்டி அமைத்தோம். அவ்வனுபவத்திற் கற்றவற்றை வாசகர் பயன்கருதி இங்கு தருகிறோம்.

முதலாவது, இவ்வுயிரைத் தனியாகவே வைத்தல் வேண்டும். மீனோ நத்தையோ உடனிருந்தால் அது தோழமை ஆகாது, உணவாகும். 2 அங்குல இனத்துக்கு 40 லீற்றர் தொட்டி போதுமானது. மயில்நிற இனம் 7 அங்குலம் வரை வளரக்கூடியது. அதற்கு 120 லீற்றருக்குக் குறையாத, தடித்த அக்ரிலிக் தொட்டி நல்லது. ஒரு லீற்றர் நீர் ஒரு கிலோ எடையுடையது. கல்லும் மணலும் சேர்ந்தால் பெரிய தொட்டி 150 கிலோவைத் தாண்டிவிடும். எமது பகுதியின் பழைய விக்ரோரியா கால வீடுகளில் மேல்மாடித் தளங்கள் மரத்தாலானவை. எனவே தொட்டியைக் கீழ்த்தளத்தில் அல்லது சுவரோரத்தில் வைப்பதுடன், வீட்டு உரிமையாளரின் அனுமதியையும் முன்கூட்டியே பெறுதல் நன்று.

இரண்டாவது, நீர். சமையல் உப்புக் கூடாது. கடல்தொட்டிக்கென விற்கப்படும் உப்பையே லீற்றருக்கு 35 கிராம் அளவிற் கரைக்க வேண்டும். இலண்டன் குழாய்நீர் சுண்ணாம்பு மிகுந்தது என்பதை எமது கேத்தல்களின் உட்புறமே காட்டும். ஆர்.ஓ. எனப்படும் வடிகட்டிய நீரே சிறந்தது. குழாய்நீரையே பயன்படுத்துவதாயின் குளோரின் நீக்கும் மருந்தைச் சேர்க்க வேண்டும். சுடுநீர்க் குழாயின் நீரை ஒருபோதும் சேர்க்கலாகாது. செப்புக் குழாய்களிலிருந்து கரைந்துவரும் செம்பு இவ்வுயிர்களுக்கு நஞ்சு. மீன்நோய் மருந்துகள் சிலவற்றிலும் செம்பு உண்டு.

நீர் ஆவியாகிக் குறையும்பொழுது உப்பு ஆவியாவதில்லை. ஆகவே குறைந்த அளவுக்கு நன்னீரையே ஊற்ற வேண்டும். இதனை அறியாது, நான் முதல் மாதத்தில் உப்புநீரையே ஊற்றி ஊற்றி உப்பைக் கூட்டிவிட்டேன். முதல் தொட்டியில் எஞ்சியிருந்த நத்தைகள் இறந்தமைக்கு விருந்தாளி அன்றி நானே காரணம்.

மூன்றாவது, பொறுமை. புதிய தொட்டியில் உடனே உயிரை விடலாகாது. கழிவிலிருந்து உண்டாகும் அமோனியாவை நைத்திரைற்றாகவும், அதனை நைத்திரேற்றாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் பெருகுவதற்கு 4 முதல் 6 வாரங்கள் ஆகும். முதலிரண்டும் இல்லாதொழிந்ததைச் சோதனைத்துளிகளால் அறிந்த பின்னரே உயிரை விட வேண்டும். வெப்பம் 24 முதல் 26 பாகை வரை இருத்தல் நன்று. வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்ற வேண்டும். பனிக்காலத்தில் மின்சூடாக்கி ஓய்வின்றி வேலை செய்யும்; முன்பணம் செலுத்தும் மின்மானி உள்ள வீடுகளில் நள்ளிரவிற் பணம் தீர்ந்தால் தொட்டி விடிவதற்குள் குளிர்ந்துவிடும் என்பதை மறக்கலாகாது.

நான்காவது, இருப்பிடம். தன் உடல் நீளத்தைப்போல் இருமடங்கு நீளமும், திரும்பக்கூடிய அகலமும் உள்ள வளை இதற்கு இன்றியமையாதது. பிளாஸ்ரிக் குழாய்த் துண்டு போதும். வாசலைத் தானே அமைத்துக்கொள்வதற்குச் சிறுகற்களும் ஓட்டுத் துண்டுகளும் இட வேண்டும். மயில்நிற இனத்துக்கு மிகுந்த ஒளி தீங்கானது.

உணவுக்கு அப்டன் பார்க் குயின்ஸ் மார்க்கெட் மீன்கடைகளே போதும். சமைக்காத இறால், மட்டி, கணவாய், நண்டுத் துண்டு ஆகியவற்றை உப்பின்றிக் கழுவி, சிறிதாக நறுக்கி, நீண்ட இடுக்கியாற் கொடுக்கலாம். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை கொடுத்தாற் போதுமானது. இடையிடையே ஓடுள்ள உணவும் வேண்டும். அடித்து உடைப்பது இதன் இயல்பு. கையை மட்டும் தொட்டிக்குள் விடாதீர்கள். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் மூடிக்குப் பூட்டு அவசியம்.

வாசலை அடைத்துக்கொண்ட நாட்கள்

ஓராண்டு கழிந்தது. வீட்டை விற்கப் போவதால் இரண்டு மாதங்களில் வெளியேறுமாறு உரிமையாளர் அறிவித்தார். அலைந்து திரிந்து, இரண்டு தெருக்கள் தள்ளி வேறொரு வீட்டைக் கண்டுபிடித்தோம். வெளியேற ஒரு வாரம் இருக்கையில், விருந்தாளி உண்பதை நிறுத்தியது. மறுநாள் பார்த்தபொழுது, சிறுகற்களால் வளையின் வாசலை முற்றாக அடைத்திருந்தது. இறந்துவிட்டது என்றே எண்ணினேன். குழாயை எடுத்துக் கவிழ்த்துப் பார்க்கக் கையை நீட்டினேன். குருநகர்ப் பெரியவர் தடுத்தார். "ஓடு கழட்டுது, தம்பி. இப்ப தொட்டா செத்துப்போகும்" என்றார்.

அவர் கூறியது உண்மை. வளர்வதற்காக இவ்வுயிர் சில மாதங்களுக்கு ஒருமுறை தன் ஓட்டை முழுமையாகக் கழற்றுகிறது. முட்டியையுங்கூடப் புதிதாகப் பெறுகிறது. புதிய ஓடு இறுகும்வரை அதற்கு அடிக்கும் வலிமை இல்லை. 1990 ஆம் ஆண்டு அடம்ஸ், கோல்ட்வெல் என்ற ஆய்வாளர்கள் வெளியிட்ட செய்தி ஒன்று நினைவுகொள்ளத்தக்கது. ஓடு கழற்றிய நிலையில் வேறொன்று தன் வளையைப் பறிக்க வந்தால், வலிமையற்ற அவ்வுயிர் முன்கால்களை விரித்து, அடிக்கப் போவதுபோல் அச்சுறுத்துமாம். வீட்டைக் காப்பதற்கு அந்நேரத்தில் அதனிடமுள்ள ஒரே ஆயுதம் அந்தப் பாவனை மட்டுமே.

நான் உரிமையாளரிடம் சென்றேன். வீட்டைக் காலி செய்கிறோம். ஆனால் இந்தத் தொட்டியை மட்டும் இன்னும் பத்து நாட்கள் அதே மூலையில் விட வேண்டும் என்று கேட்டேன். ஓர் இறாலுக்காகவா என்று அவர் வியந்தார். விளக்கிச் சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டுச் சாவியைத் தந்தார். நாம் குடிபெயர்ந்த பின்னரும், வேலை முடிந்து இரவில் வெறும் வீட்டுக்குச் சென்று நீரையும் வெப்பத்தையும் பார்த்து வந்தேன். ஒன்பதாம் நாள் வாசற்கற்கள் விலகியிருந்தன. உள்ளே பழைய ஓடு கிடந்தது. அதன் பின்னால் புதிய நிறத்துடன் இரண்டு கண்கள் தெரிந்தன. மேலும் சில நாட்கள் இறுகவிட்டு, குழாயோடு வாளியில் எடுத்து, அதே கடல்நீரை நிரப்பி, தெருவழியே நடந்து புதிய வீட்டுக்குக் கொண்டுவந்தோம். முதல் இரவிலேயே 'டக்' என்றது. அம்மா எழும்பவில்லை. காலையிற் கேட்டபொழுது, "கேட்டது. அது தன்ர வீட்டை அடுக்குது" என்றார்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

விலங்குகளின் உணர்வை ஏற்றுக்கொள்ளும் 2022 ஆம் ஆண்டுப் பிரித்தானியச் சட்டம் முதுகெலும்புள்ள விலங்குகளுடன் நண்டு, இறால் முதலிய பத்துக்கால் உயிர்களையும் கணவாய் இனத்தையும் உள்ளடக்கியது. கும்பிடுபூச்சி இறால் அவ்வரிசையைச் சேராதது. ஆதலால் அச்சட்டத்தின் எல்லைக்குள் அது வரவில்லை. சட்டம் கேளாத இடத்தில் மனச்சாட்சிதான் கேட்க வேண்டும்.

எனவே, வண்ணத்தைக் கண்டு மயங்கி இவ்வுயிரை விலைக்கு வாங்க வேண்டாம் என்பதே எமது வேண்டுகோள். இது பல ஆண்டுகள் வாழக்கூடியது. அடுத்த ஆண்டு எவ்வீட்டில் இருப்போம் என்ற உறுதியில்லாத குடும்பங்களுக்கு அது பெருஞ்சுமையாகும். ஆனால் கல்லோடு அது தானாக வந்து சேர்ந்தால் வெந்நீர் ஊற்றாதீர்கள். கழிவறையிலோ ஆற்றிலோ விடாதீர்கள். வளர்க்க இயலாவிடின், வளர்க்கும் அனுபவமுள்ள ஒருவரைத் தேடிக் கொடுங்கள். இயலுமாயின், சிறிய தொட்டியும் ஒரு குழாய்த் துண்டும் சில கற்களும் கொடுங்கள். எஞ்சியதை அதுவே அடுக்கிக்கொள்ளும்.